தேறலும் தேநீர்க் கிளாஸும்

தமிழாசிரியன் ஒருவன் பீர் குடிக்கும் குவளையைப் பற்றி எழுதலாமா என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆண்டுதோறும் முதலாமாண்டு மாணவர்களுக்குத் திருக்குறளின் 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமையை நடத்துகிறவன் நான். அடுத்த பருவத்தில் அதே மாணவர்களுக்குப் புறநானூறும் நடத்துகிறேன். அதில் அதியமான் மாண்டபோது ஔவையார் பாடிய பாட்டு எதில் தொடங்குகிறது? அவனுடைய வேலிலோ யானையிலோ அன்று. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் தமக்கே கொடுத்துவிடுவான், மிகுதியாகக் கிடைத்தால் தாம் பாடத் தானும் உடனிருந்து உண்பான் என்ற நினைவில் தொடங்குகிறது. இரண்டு பாடங்களையும் ஒரே வாயால் நடத்தி முடித்துவிட்டு, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மாலைகளில் மொட்டை மாடியில் ஒரு பாட்டில் பீருடன் உட்காருகிறேன். ஒரு பாட்டில்தான். இந்த வாக்குமூலத்தோடு செய்திக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் மரக்காணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் இருபுறமும் வெள்ளைக் குவியல்களைப் பார்த்து வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் ஊர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். நல்லியக்கோடனைக் காணச் செல்லும் பாணர் கூட்டத்துக்கு அப்பட்டினத்தில் கிடைக்கும் விருந்தை நத்தத்தனார் வரிசையாகச் சொல்கிறார். படுத்துறங்கும் ஒட்டகம் போல அலை கொண்டுவந்து ஒதுக்கிய அகிற்கட்டையில் தீ மூட்டி, நுளையர் மகள் வடித்தெடுத்த பழைய தேறல். அதைப் பரதவர் ஊட்டுவர். தொட்டுக்கொள்ளச் சுட்ட குழல்மீன். விறகு என்ன மரம் என்று சொன்ன புலவர், தேறலை எதில் ஊற்றிக் கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளாக இந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம் இந்த இடத்தில் எனக்கு ஒரு தடுக்கல்.

கலத்துக்குப் பஞ்சமான காலமுமன்று அது. மண்டை, வள்ளம், வட்டில், சாடி என்று சங்க நூல்களில் பெயர்கள் கொட்டிக் கிடக்கின்றன. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியனுக்குப் பெண்கள் பொற்கலத்தில் ஏந்திக் கொடுத்ததை நக்கீரர் பாடியிருக்கிறார். இங்கிருந்து தெற்கே சிறிது தொலைவில் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது மது நிரப்பி வந்த ரோமானிய ஆம்போரா சாடிகளின் உடைசல்களும், இத்தாலியின் அரெத்சோ நகரப் பாணிச் செந்நிறக் கிண்ணத் துண்டுகளும் கிடைத்தன. அதே அரிக்கமேட்டில் நம்மவர் கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கி மணிகள் செய்து கடல் கடந்து அனுப்பியிருக்கிறார்கள். கண்ணாடியில் மணி செய்யத் தெரிந்த கைகள் ஒரு குவளை செய்து நமக்கு விட்டுச் செல்லவில்லையே என்பது என் நீண்டநாள் மனக்குறை.

இனி என் சோதனைகள். முதலில் எல்லாத் தமிழரையும் போல எவர்சில்வர் டம்ளரில்தான் ஊற்றினேன். அது பீருக்கு ஆகாது. பீரில் பாதி இன்பம் பார்வையில் இருக்கிறது. நுரை எவ்வளவு எழுந்தது, எப்படி அமர்ந்தது என்பதை டம்ளர் மறைத்துவிடும். இன்னொன்று, நம் டம்ளரின் விளிம்பு வெளிப்புறம் மடிந்திருப்பது உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வதற்காக. பீரை அண்ணாந்து குடித்துப் பாருங்கள், மூக்கில் நுரை ஏறும். பீர் உதடு பட்டே தீர வேண்டிய பானம். இந்த வேறுபாட்டில் பெரிய செய்தி ஒன்று ஒளிந்திருக்கிறது, பிறகு வருகிறேன்.

அடுத்து, நண்பர் ஒருவர் பரிசளித்த கைப்பிடி வைத்த தடித்த மக். அரை லிட்டர் கொள்ளும். தோற்றத்தில் பவேரிய மிடுக்கு. கையில் பிடித்தால் நானே பேரவைத் தலைவர் போல உணர்வேன். ஆனால் சித்திரை மாதத்து மரக்காணத்தில் அது தோற்றுப்போனது. தடித்த கண்ணாடி தன்னைக் குளிர்வித்துக்கொள்ளவே பீரின் குளிர்ச்சியில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. பிறகு கடற்காற்றின் ஈரம். குவளைக்கு வெளியே முத்து முத்தாகப் பூக்கும் நீரைப் பார்த்து நாம் குளிர்ச்சியின் அடையாளம் என்று மகிழ்கிறோம். எங்கள் கல்லூரி இயற்பியல் நண்பர் அந்த மகிழ்ச்சியைக் கெடுத்தார். காற்றிலுள்ள நீராவி நீராக மாறும்போது தன் உள்வெப்பத்தைக் குவளையின் மேல் இறக்கிவிட்டுத்தான் மாறுகிறதாம். புழுக்கமான ஊரில் பானத்தைச் சூடாக்குவதில் வெறும் காற்றின் வெப்பத்துக்கு இணையான பங்கு அந்த முத்துகளுக்கு உண்டு. ஆக, எங்கள் கடற்கரையில் அரை லிட்டர் மக்கின் கடைசி மூன்று வாய் வெதுவெதுப்பான கசாயம்.

568 மில்லி கொள்ளும் ஆங்கிலேயரின் பைன்ட் கிளாஸும் இதே காரணத்தால் இங்கே உதவாது. குளிர்நாட்டின் அளவை வெப்பநாட்டில் வைத்துக்கொண்டு நாம் அல்லற்படுகிறோம். நம்மைப் போல வியர்க்கும் பிரேசில்காரர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். அங்கே 1947இல் நாதிர் ஃபிகெய்ரெடோ நிறுவனம் கொண்டுவந்த, வரிவரியாகப் பட்டை பிடித்த சிறு கிளாஸ் ஒன்று உண்டு. 190 மில்லி கொள்ளும். காலையில் அதில் காப்பி, மாலையில் அதிலேயே பீர். 600 மில்லி பாட்டிலை நடுவில் வைத்து நான்கு பேர் சிறிது சிறிதாக ஊற்றிக்கொள்வார்கள். பாட்டிலுக்குள் இருக்கும் பீர் குளிர்ச்சி குறையாமல் காத்திருக்கும். குளிர்நாட்டவரான ஜெர்மனியின் கொலோன் நகரத்தாரும் தங்கள் 'கோல்ஷ்' பீரை 200 மில்லி நேர்க்குழல் கிளாஸில்தான் குடிக்கிறார்கள். நுரை அடங்குவதற்குள் முடிந்துவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

நம்முடைய 650 மில்லி பாட்டிலுக்குப் பொருத்தமான கிளாஸைத் தேடி நான் பிரேசில் போக வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் நேராக விடைக்கு வந்துவிடவில்லை. நடுவில் பிரான்சு ஒன்று குறுக்கிட்டது. என் துணைவியாரின் புதுச்சேரி உறவினர் ஒருவர் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், அவ்வூர் வழக்கில் சொன்னால் 'சொல்தா'. அவர் எங்கள் திருமணத்துக்கு ஆறு டூராலெக்ஸ் கிளாஸ்கள் தந்தார். பட்டை தீட்டியது போன்ற பக்கங்கள் கொண்ட 'பிக்கார்டி' என்னும் வகை; 1954இல் வந்தது. கண்ணாடியை நன்றாகச் சூடாக்கிச் சட்டென்று காற்றால் குளிர்வித்து உரமேற்றிச் செய்கிறார்கள். கைதவறி விழுந்தாலும் பெரும்பாலும் உடையாது. உடைந்தால் கூரிய சில்லாக உடையாது, சிறுசிறு மணிகளாகக் கலகலவென்று சிதறிவிடும். முதல் கிளாஸ் உடைந்த இரவு, தரையில் கிடந்ததைப் பார்த்த என் தாயார், "யாருடா இங்க கல்லுப்பைக் கொட்டினது?" என்றார்கள். பதினைந்து ஆண்டுகளில் ஐந்து உப்பாகிவிட்டன. மிச்சமிருக்கும் ஒன்று அலமாரியில் இருக்கிறது. அந்த நிறுவனத்தை 2024இல் தொழிலாளர்களே கூட்டுறவாக ஏற்றுக்கொண்டார்கள் என்று படித்தபோது, எனக்குப் பங்கு ஏதும் இல்லாத ஒரு வெற்றிக்காக மகிழ்ந்தேன்.

இப்போது நான் பயன்படுத்துவது டீக்கடைக் கிளாஸ். கொரோனாவுக்குப் பின் எங்கள் தெருமுனைக் கடை பேப்பர் கப்புக்கு மாறியபோது, கடைக்காரர் பழைய கிளாஸ்களைக் கோணிப்பையில் போட்டு வைத்திருந்தார். ஒரு டசன் கேட்டேன். "வாத்தியாருக்கு எதுக்குங்க இது?" என்றார். பென்சில் போட்டு வைக்க என்றேன். (பொய்தான்.) அந்தக் கிளாஸின் மெல்லிய சுவர் பீரின் குளிர்ச்சியைத் திருடுவதில்லை. அடியில் மட்டும் கனம் இருப்பதால் மாடிக் காற்றில் சாய்வதில்லை. ஐந்து முறை ஊற்றினால் பாட்டில் தீர்கிறது. ஒவ்வொரு முறையும் ஊற்றுவதற்காகக் கை நிற்கிறது, பேச்சு தொடர்கிறது. பாட்டிலோடு வாயில் கவிழ்ப்பவருக்கு அந்த இடைவெளி கிடையாது.

என் பள்ளித் தோழர் ஒருவர் உப்பளத்தில் கணக்குப் பார்க்கிறார். ஒருநாள் மாடிக்கு வந்தவர், நுரை அடங்கிப்போன என் கிளாஸைப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, நம்ம ஊரு மருந்து ஒண்ணு போடறேன் பாருங்க" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு கல்லுப்பை எடுத்துப் போட்டார். பீர் பொங்கி வழிந்தது. உப்புக்கல்லின் சொரசொரப்பான முனைகள் பீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவைப் பிடித்துக் குமிழாக்கி மேலே அனுப்புகின்றன. உப்பு கசப்பையும் தணிக்கும். ஜெர்மனியில் உப்பிட்டே வடிக்கும் 'கோஸ' என்ற பீர் வகை உண்டு என்று அவரிடம் சொன்னேன். "அப்ப நம்ம உப்பையும் அனுப்பலாமே" என்று விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

டீக்கடைக் கிளாஸ் என்று நான் இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோக முடியாது. முன்னே ஒத்திவைத்த செய்தி இதுதான். உதடு படுவதைக் குறித்து நமக்கிருக்கும் அச்சம் வெறும் தூய்மைப் பழக்கமன்று. அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்து, 1955இல் அதற்கெனத் தனிச்சட்டம் வந்து, அதற்கும் பல பதிற்றாண்டுகள் பின்னரும் தமிழகத்து டீக்கடைகள் பலவற்றில் இரட்டைக் குவளை முறை இருந்தது. கூரைக்கு வெளியே தனியே வைக்கப்பட்ட கிளாஸ், சில ஊர்களில் கொட்டாங்கச்சி. குடித்தவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். என் வகுப்பில் இதைச் சொல்லும்போது, புத்தகச் செய்தியாகக் கேட்கும் மாணவரும் தாத்தா சொன்ன செய்தியாகக் கேட்கும் மாணவரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே என் மாடியில் கிளாஸ்களுக்கு அடையாளம் கிடையாது. யார் கிளாஸ் யாருடையது என்று குழம்பினால் குழம்பட்டும். மதுக்கூடம் சாதியை அழித்துவிட்டது என்று கதை கட்டுவோரை நான் நம்புவதில்லை; போதை தெளிந்ததும் அவரவர் தெருவுக்குத்தான் போகிறார்கள். என் மாடியளவில் செய்யக்கூடியதைச் சொன்னேன்.

மதுக்கூடம் என்றதும் நினைவு வருகிறது. சில்லறை மது விற்பனை 2003 முதல் அரசின் கையில் இருக்கிறது. அங்கே வாங்குபவருக்குக் கிடைக்கும் கலம் எது? கையில் எடுத்தால் நசுங்கும் பிளாஸ்டிக் டம்ளர். 2019 சனவரி முதல் நாளிலிருந்து அது மாநிலத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். உப்பள வரப்புகளில் இன்றும் அது உருண்டுகொண்டிருக்கிறது. குடிப்பவனை மனிதனாக மதிக்கிற ஏற்பாடு இதில் எங்கே இருக்கிறது? பதநீர் விற்கும் பனையேறி கூட ஓலையை மடித்துப் பட்டை பிடித்துக் கையில் தருகிறார். கள்ளுக்கு 1987 முதல் இங்கே தடை. எல்லை தாண்டிப் புதுச்சேரிப் பகுதிக்குப் போனால் கள்ளுக்கடை உண்டு. நுளைமகள் தேறல் வடித்த பட்டினத்தில் பனைமரங்கள் நிற்கின்றன, கள் இல்லை, சீமைச் சரக்கு இருக்கிறது.

இதை எழுதும்போது ஒரு கூச்சம் என்னைப் பின்தொடர்கிறது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து மாண்டார்கள். அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டத்தில் நேர்ந்தவற்றையும் சேர்த்தால் 20க்கும் மேற்பட்ட உயிர்கள். அதில் இருந்தது தொழிற்சாலைக்குரிய மெத்தனால். மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேல். கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்திருந்தாலும் அவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது; மெத்தனால் தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இருக்கும். கூலி முடிந்து வருகிறவருக்கு அரசுக் கடையின் விலையே எட்டாதபோது, 'எந்தக் கிளாஸ் நல்லது' என்று ஆய்வது சம்பளக்காரனின் சொகுசு என்று ஒருவர் சொன்னால் மறுக்க என்னிடம் சொல் இல்லை. அந்த ஆண்டு புரட்டாசியில் உப்பு வாருவது முடியும்வரை நான் மாடிக்குப் போகவில்லை. பிறகு போனேன். தோழர்தான் பாட்டிலோடு வந்து கதவைத் தட்டினார். இரண்டு பேரும் முதல் கிளாஸ் முடியும்வரை ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

கோணிப்பையிலிருந்து வாங்கிய பன்னிரண்டில் இப்போது ஒன்பது இருக்கின்றன. ஒன்றில் என் துணைவியார் வெந்தயம் ஊறவைத்திருக்கிறார். அதை நான் கேட்பதில்லை. மீதி எட்டு, நான்கு பேர் வந்தாலும் போதும்.