கூட்டம் நிறைந்தது, கல்லா நிறையவில்லை!

இங்கிலாந்து நாட்டில் மான்செஸ்டர், பஞ்சாலைகள் மூடிக்கிடந்த ஊர். அங்கே 1982-ம் ஆண்டு மே 21-ந் தேதி "ஹாசியெண்டா" என்ற பாட்டு மன்றம் திறக்கப்பட்டது. "நியூ ஆர்டர்" என்ற பாட்டுக் குழுவினரும் அவர்களுடைய இசைத்தட்டுக் கம்பெனியும் பணம் போட்டார்கள்.

முதலில் கச்சேரிகள். 1984-ல் அமெரிக்கப் பாடகி மடோனா மேடை ஏறினார். பிறகு, இசைத்தட்டு போட்டு ஆடும் இரவுகள். கூட்டம் அலைமோதியது. ஆனால் போதை மாத்திரை விழுங்கியவர்கள் மது வாங்கவில்லை, தண்ணீர் குடித்தார்கள்! நஷ்டத்தைப் பாட்டுக்காரர்கள் சுமந்தார்கள்.

1989-ல் மாத்திரை தின்ற 16 வயதுப் பெண் இறந்தாள். பழி பாட்டின் மேல் அல்ல. மாத்திரை விற்றவர்கள் மேல்.

1997-ல் மன்றம் மூடியது. 2002-ல் கட்டிடம் இடிபட்டது. அங்கே எழுந்த அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர் "ஹாசியெண்டா"! பாட்டு வேண்டாம், பெயர் மட்டும் வேண்டுமாம்!