இரண்டாந்தர உரிமை

ஐக்கிய அமெரிக்க நாட்டில் இல்லத்தே ஸ்பானிய மொழி பேசுவோர் 4 கோடிக்கு மேற்பட்டவர். அவர் வாழும் ஊர்கள் பலவற்றில் அம்மொழியிலேயே செய்தியும் நாடகமும் வழங்கும் சிற்றாற்றல் தொலைக்காட்சி நிலையங்கள் உள. அந்நாட்டுச் சட்டம் அவற்றை நடத்தும் முறை நன்றன்று என்பது என் கருத்து. நிலையத்தார்பால் குறையே இல்லை என்று வாதிக்க யான் வரவில்லை. அதனைப் பின்னர்க் கூறுவல்.

சிற்றாற்றல் நிலையம் என்னும் வகை 1982ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையத்தால் ஏற்படுத்தப்பட்டது. யூ.எச்.எப். அலைவரிசையிற் பெருநிலையம் 1000 கிலோவாட் வரை ஆற்றல் கொள்ளலாம். சிறு நிலையத்துக்கோ 15 கிலோவாட்டே எல்லை. ஆற்றலிற் சிறிதாதல் குற்றமன்று; ஓர் ஊர்க்கு அது போதும். உரிமையிற் சிறிதாதலே துன்பம். சிறு நிலையம் பெருநிலையத்துக்கு இடையூறு செய்தலாகாது. பெருநிலையத்தால் தனக்கு இடையூறு நேரின் பொறுத்தல் வேண்டும். தன் அலைவரிசை பெருநிலையத்துக்கு வேண்டப்படின் விட்டு நீங்கல் வேண்டும். திண்ணையில் ஒதுங்கிய வழிப்போக்கனுக்கும் இதற்கும் வேறுபாடு யாது? 2017இல் முடிவுற்ற ஏலத்தின் பயனாக 38 முதல் 51 வரையுள்ள அலைவரிசைகள் கைப்பேசி முதலிய பணிகளுக்கு மாறியபொழுது, அங்கிருந்த சிறு நிலையங்கள் வேற்றிடம் தேட வேண்டியவாயின. பெயர்ச்சிச் செலவை அவற்றுக்கு ஈடுசெய்யும் சட்டம் 2018இலேதான் பிறந்தது.

ஸ்பானிய மொழியார்க்கு இவ்வகைத் தடை புதிதன்று. டெக்ஸாஸ் மாகாணத்துச் சான் அந்தோனியோ நகரில் ராவுல் கோர்ட்டெஸ் என்பார் 1955இல் கே.சி.ஓ.ஆர். தொலைக்காட்சியைத் தொடங்கினார். அந்நாட்டின் பெருநிலப்பகுதியில் ஸ்பானிய மொழிக்கென்றே எழுந்த முதல் நிலையம் அதுவே. அவர்க்குக் கிடைத்த அலைவரிசை 41. அக்காலத்துப் பெட்டிகள் பல அவ்வெண்ணை ஏற்கும் அமைப்பில்லாதவை. தனிக் கருவி வாங்கிப் பொருத்தினோர்க்கே படம் தெரிந்தது. மொழியறிந்தார் வீட்டுள் அலை புகவில்லை! 1961இல் அவர் நிலையத்தை விற்றுவிட்டார்.

இன்று பெட்டி தடையன்று. 2021 ஜூலை 13ஆம் நாளோடு சிறு நிலையங்களின் பழைய அனலாக் ஒளிபரப்பு முடிந்தது. டிஜிட்டல் முறையில் 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசைக்குள்ளேயே பல நிகழ்ச்சிகளைச் சுருக்கி ஒருங்கே அனுப்பலாம். நிலைய எண்ணின் பின் புள்ளியிட்டு 1, 2, 3 என அவை தோன்றும். ஒரு பானைச் சோற்றை ஐந்தாறு இலைக்குப் பகிர்தல் போல்வது இது. இலை பெருகப் படத்தின் தெளிவு குறையும். அங்ஙனம் பெருகிய கிளைகளிற் பல என் செய்கின்றன? பண்டம் விற்கும் விளம்பரத்துக்கும் வேற்றூரினின்று வரும் பழந்தொடர்க்கும் வாடகைக்கு விடப்படுகின்றன. வாடகையின்றிச் சிறு நிலையம் பிழைத்தல் அரிது என்பர்; உண்மையே. ஆயினும் ஊரார் பேச்சு ஒரு கிளையிலும் கேளாதாயின் அதனை உள்ளூர் நிலையம் என்று அழைப்பானேன்?

அப்பேச்சு உயிர்க்கே வேண்டப்படும் வேளையும் உண்டு. 2025 ஏப்ரலில் அந்நாட்டு வானிலைத் துறை, ஒப்பந்தம் முடிந்தமையால், ஸ்பானியம் முதலிய மொழிகளிற் செய்துவந்த தானியங்கி மொழிபெயர்ப்பை நிறுத்தி, அம்மாத இறுதியில் மீண்டும் தொடங்கிற்று. வசந்தமோ அந்நாட்டிற் சூறைக்காற்றுப் பருவம். அந்நாட்களில் ஆங்கிலம் அறியாத முதியாள் ஒருத்தி எச்சரிக்கையை எவரிடம் கேட்டிருப்பாள்? தன் மொழியில் உள்ளூரார் ஒருவர் பேசும் நிலையம் அண்மையிலிருந்தால் அன்றோ?

2023 ஜனவரியில் ஒரு சட்டம் நிறைவேறிற்று. சிறு நிலையங்கள் ‘ஏ’ வகுப்பு என்னும் நிலையான உரிமையைப் பெற அது வழி செய்தது. நாள்தோறும் 18 மணி நேரம் ஒளிபரப்ப வேண்டும், வாரத்துக்குச் சராசரி 3 மணி நேரமாவது உள்ளூரில் ஆக்கிய நிகழ்ச்சி வேண்டும் என்பன நிபந்தனைகள். நல்ல நிபந்தனைகளே. ஆனால் தொலைக்காட்சியுள்ள வீடுகள் 95,000க்கு மேற்படாத வட்டாரங்களுக்கே அவ்வழி திறந்தது. விண்ணப்பத்துக்கு ஓராண்டே தவணை. லாஸ் ஏஞ்சல்ஸ், மியாமி, ஹூஸ்டன் போன்று ஸ்பானிய மொழியார் திரண்டு வாழும் மாநகரங்கள் புறத்தே நின்றன. மாநகரில் அலைவரிசைக்கு விலை மிகுதி என்பதன்றி இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அந்த எல்லையை நீக்கி, வழியை மீண்டும் திறத்தல் வேண்டும். ஸ்பானிய நிலையம் அவ்வுரிமையை வேண்டுமாயின், அம்மூன்று மணி நேரத்தையும் ஸ்பானிய மொழியிலேயே, முதற் கிளையிலேயே தருக. வாடகை நிகழ்ச்சிகள் ஏனைக் கிளைகளில் ஓடட்டும்.