கங்காருவுக்கும் வருணமோ?

மரபணு! ஆய்வுக்கூடத்தில் அடங்கிக் கிடந்த அச்சொல், புதுக்கோட்டைச் சீமையின் தேநீர்க்கடை வரை வந்து சேர்ந்தது எப்படி? 2022 டிசம்பரில், வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட தோழர்கள் குடிக்கும் நீர்த்தொட்டியிலே மலம் கலந்தனர் மாபாதகர்! யாரென்றறிய, முப்பதுக்கும் மேற்பட்டோரின் மரபணுவைச் சோதித்தனர், எவருடையதும் ஒத்துவரவில்லை. 2025 ஜனவரியில் வந்தது குற்றப்பத்திரிகை, அவதியுற்ற தெருவினர் மூவர் மீதே! அத்தெரு அதனை ஏற்கவில்லை.

கலந்தவன் யாரென்று மரபணுவைக் கேட்டனர். அத்தெருவைத் தனித்தெருவாக்கிய பிறப்புத் திமிர் மெய்யோ என்று கேட்டனரோ? நாம் கேட்போம், தோழர்களே! அதற்குமுன், ஆஸ்திரேலியாவிலே தீர்ந்ததொரு குலவழக்கைக் காணுங்கள்.

பெரியது கங்காரு, சிறியது வாலபி. உருவங்கண்டு மாந்தர் இட்ட பெயர்கள். அவற்றுள் சதுப்புநில வாலபிக்குப் பல் வேறு, நடை வேறு. உறவினங்களில் பெரும்பாலானவற்றுக்குக் குரோமோசோம் 16. இதிலே பெண்ணுக்கு 10, ஆணுக்கு 11! 'இது தனிக்குலம்' என்று ஒதுக்கி வைத்தனர் விலங்கியலார். மூடரல்லர் அவர்கள், கண்டதை நம்பினர்.

பின்னர் மரபணுவைப் படித்தனர். ஏட்டுச்சுவடிகளிலே ஒரே பிழைகள் மீண்டும் மீண்டும் தென்பட்டால், அவை ஒரே மூல ஏட்டின் படிகள் என்று புலவர் துணிவரன்றோ? அதே முறைதான். உயிர்களின் மரபணுவும் தலைமுறைதோறும் படியெடுக்கப்படுகிறது. பிழைகளும் உடன் வருகின்றன. ஒப்பிட்டனர். ஒதுக்கப்பட்ட வாலபி, பெருங்கங்காருக்களின் குடும்ப நடுவிலேயே நின்றது! 2018இல் முழு மரபணுத் தொகுதியை ஆராய்ந்தபோதும் அம்முடிவே நிலைத்தது. மரமேறும் கங்காருவுக்கோ நெருங்கிய சொந்தம், பாறையில் தாவும் வாலபி! இருக்குமிடம் வேறாயினும் வழி ஒன்றே. மறுஆண்டே, பழைய இனப்பட்டியலைத் திருத்த முன்வந்தனர் அறிஞர். வெட்கப்படவில்லை, அங்கே பட்டியலுக்குப் பூசையில்லை!

இங்கே? முகத்திலே ஒருவன், காலிலே ஒருவன் பிறந்தானென்ற ஏட்டுக்கு இன்றும் பல்லக்கு! 2013இல் ஐதராபாத் அறிவியலாரும் அமெரிக்கரும் இணைந்து இத்துணைக்கண்டத்து 73 மக்கட்குழுக்களை ஆராய்ந்தனர். 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை மக்கள் பரவலாகக் கலந்தனர். சாதிக்குள்ளேயே மணக்கும் கட்டுப்பாடு பின்னரே இறுகிற்று என்று கண்டனர்.

'மரபணுவிலேயே சாதியின் அடையாளம் இருக்கிறதே!' என்று துள்ளுவான் சனாதனி. இருக்கும். நெடுங்காலம் வேலியடைத்தால் நிலத்திலே தடம் விழாதோ? அத்தடம் வேலி போட்ட மனிதனுக்குச் சாட்சி, பிரம்மாவுக்கன்று.

வேங்கைவயலுக்குச் சென்ற மாவட்ட ஆட்சியர், அருகே இறையூர்த் தேநீர்க்கடையிலே இரட்டைக்குவளை கண்டார். ஒரே பாத்திரத்தில் கொதித்த தேநீர், ஊற்றுவதற்கு மட்டும் இரு குவளை! அதைக் காண எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை. அதுவரை அக்கடைக்குச் சென்றுவந்த அத்தனை பேரும் எதைக் கண்டனராம்?