வரிப்பணத்தில் ஓடும் நிரலுக்குப் பூட்டு எதற்கு?

சென்னை மாநகராட்சியும் இ-கவர்ன்மென்ட்ஸ் ஃபவுண்டேஷனும் தங்கள் போக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். மாநகராட்சிக்கான மென்பொருளை எந்த உரிமத்தில் வெளியிடுவது என்பது கணினிக்காரர்களின் உள்விவகாரம் என்று விட்டுவைத்தது போதும்.

2011 அக்டோபரில் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் சென்னையோடு இணைக்கப்பட்டன. எண்ணூர் மீனவர் வீட்டு வரியும் திருவொற்றியூர் லாரி ஓட்டுநரின் பிள்ளை பிறந்த பதிவும் அன்றிலிருந்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் கணக்கில் சேர்ந்தன. சென்னையின் சொத்துவரி, பிறப்பு இறப்புப் பதிவு, புகார்ப் பதிவு எல்லாம் இந்த ஃபவுண்டேஷன் உருவாக்கிய மென்பொருளில்தான் கணினிக்கு ஏறின. நந்தன் நிலேகனியும் ஸ்ரீகாந்த் நாதமுனியும் 2003இல் தொடங்கிய, லாப நோக்கமற்ற பெங்களூரு நிறுவனம் அது. அதன் பணியைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமல்ல.

ராயபுரத்தில் ஒருவர் 1913க்குப் போன் செய்து மழைநீர் வடிகால் அடைப்பைச் சொல்கிறார். அந்தப் புகார் எந்த அதிகாரியிடம் போகும், எத்தனை நாளில் மேலதிகாரிக்கு ஏறும், அதை 'முடிந்தது' என்று மூட யாருக்கு அதிகாரம் உண்டு? இவையெல்லாம் மென்பொருளில் எழுதிவைத்த விதிகள். வரியை எப்படிக் கணக்கிடுவது என்பதும் அப்படித்தான். சட்டமும் அரசாணையும் ஊருக்குத் தெரியும்படி அச்சாகின்றன. அவற்றை நடைமுறையில் ஓட்டும் நிரல் மட்டும் ஏன் கண்ணில் படக்கூடாது?

முதலில் ஃபவுண்டேஷன் சரியாகத்தான் நடந்தது. தன் பழைய நகராட்சி மென்பொருளை ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் வெளியிட்டது. அந்த உரிமத்தின்படி, மென்பொருளை மாற்றி ஒரு நகராட்சிக்குக் கொடுக்கும் நிறுவனம் மாற்றிய மூலநிரலையும் சேர்த்தே கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தக்காரர் நாளை கைவிட்டுப் போனாலும் நகராட்சி வேறொருவரை அழைத்து வேலையைத் தொடரலாம். ஆனால் அடுத்து வந்த 'டிஜிட்' தளம் எம்ஐடி உரிமத்தில் வந்தது. எம்ஐடியில் அந்தக் கட்டாயம் இல்லை. பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் வைத்துக்கொண்டால் போதும்; பொதுச்சொத்தாக வந்த நிரலை எடுத்து நாலு மாற்றம் செய்து, பூட்டிய பொருளாக அதே நகராட்சிக்கு விற்கலாம்.

எம்ஐடியை ஆதரிப்பவர்கள் ஒரு நியாயம் சொல்கிறார்கள். நிபந்தனை குறைந்தால் நிறைய நிறுவனங்கள் சேரும், பல மாநிலங்களுக்கு விரைவில் பரவும் என்கிறார்கள். உண்மைதான், பரவியது. தேசிய நகர்ப்புற விவகார நிறுவனத்தின் 'உப்யோக்' தளமும் டிஜிட்டின் மேல்தான் எழுந்தது. ஆனால் பரவலுக்கு விலையாகக் கொடுத்தது நகராட்சியின் பிடிமானத்தை. அதைக் கொடுக்க நிறுவனங்களின் வசதி போதிய காரணமாகாது.

பழைய நிரலின் உரிமக் குறிப்பில் ஒரு கூடுதல் நிபந்தனையும் இருந்தது. பொதுமக்கள் பார்க்கும் பக்கங்கள் உட்பட எல்லாத் திரைகளிலும், மேலே வலது மூலையில் ஃபவுண்டேஷனின் சின்னம் இருக்க வேண்டும் என்றது அது. தன் பெயரைக் காக்க உரிமத்தில் இவ்வளவு நுணுக்கமாக எழுதத் தெரிந்தவர்களுக்கு, அதே பக்கத்தைப் பார்க்கும் மக்களுக்கு நிரலைக் கொடு என்று ஒரு வரி எழுத ஏன் மனம் வரவில்லை? அந்த வரி 2007இலேயே தயாராக இருந்தது. ஜிபிஎல், மென்பொருளைக் கையில் வாங்குபவருக்கே நிரலைத் தரும். சர்வரில் ஓடுவதை இணையம் வழியே பயன்படுத்துபவருக்குத் தராது. அந்த ஓட்டையை அடைக்கவே ஏஜிபிஎல் உரிமம் வந்தது.

அரசுகளின் பொறுப்பு இதைவிடப் பெரியது. அரசுச் செயலிகளின் நிரலைத் திறந்துவிடும் கொள்கையை மத்திய அரசு 2015இல் வெளியிட்டது. ஐந்து ஆண்டு கழித்து, கொரோனா தொடர்புகளைத் தடமறியும் ஆரோக்கிய சேது செயலியை ஏப்ரலில் மக்கள் கையில் கொடுத்தபோது நிரல் பூட்டித்தான் இருந்தது. கண்டனம் எழுந்த பிறகு மே 26 அன்று ஆண்ட்ராய்டு செயலியின் நிரலை மட்டும் வெளியிட்டார்கள். சர்வரில் ஓடியது அன்று வரவில்லை. தன் எல்காட் நிறுவனம் மூலம் அரசுக் கணினிகளில் திறந்த நிரலான லினக்ஸை ஏற்றி, மாணவர் மடிக்கணினியில் பாஸ் லினக்ஸையும் சேர்த்துக் கொடுத்த மாநிலம் தமிழ்நாடு. அதன் தலைநகர் மாநகராட்சிக்கு உரிமத்தில் அக்கறை இல்லாமல் போவது வெட்கக்கேடு.

எம்ஐடி போன்ற தளர்வான உரிமத்தை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரெடிஸ் என்ற மென்பொருள் சாட்சி. பல ஆண்டுகள் எல்லோரும் நம்பிப் பயன்படுத்திய அந்த மென்பொருளின் உரிமத்தை 2024 மார்ச்சில் அதன் நிறுவனம் இறுக்கியது. கொதித்தவர்கள் பழைய நிரலை எடுத்து 'வால்கீ' என்று தனியே போனார்கள். மறு ஆண்டே ரெடிஸ் ஏஜிபிஎல்லுக்கு இறங்கிவந்தது. அவர்களிடம் பிரிந்துபோகும் பொறியாளர் படை இருந்தது. கத்திவாக்கத்து வார்டு அலுவலகத்தில் யார் இருக்கிறார்கள்?

மாநகராட்சி தன் சேவைகளை ஓட்டும் ஒவ்வொரு மென்பொருளும் எந்த உரிமத்தில் உள்ளது என்பதைத் தன் இணையப் பக்கத்தில் தமிழில் அறிவிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை, மக்களின் விவரங்களையும் கடவுச்சொற்களையும் விலக்கி, பொதுவில் வைக்க வேண்டும். இனி வரும் டெண்டர்களில் ஏஜிபிஎல் உரிமம் கட்டாய நிபந்தனையாக வேண்டும். மாற்றங்களின் பதிப்புரிமை மாநகராட்சிக்கே சேர வேண்டும். ஃபவுண்டேஷன் தான் இனி எழுதும் நிரலை எம்ஐடியிலிருந்து ஏஜிபிஎல்லுக்கு மாற்ற வேண்டும். பதிப்புரிமை தன்னிடம் உள்ள நிரலுக்கு அதைச் செய்ய யாருடைய அனுமதியும் தேவையில்லை. வடசென்னையின் மாமன்ற உறுப்பினர்கள் இதை அடுத்த கூட்டத்திலேயே கேள்வியாக எழுப்பி, எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.