காலுக்கு எட்டும் வண்டி

அறுபது தாண்டியவர் ஸ்கூட்டர் கடைக்குள் நுழைந்தால் விற்பனையாளர் கேட்கும் முதல் கேள்வி, "பேரனுக்கா அங்கள்?" என்பதுதான். "எனக்குத்தான் தம்பி" என்றால் அடுத்த கேள்வி, "எத்தனை சிசி பார்க்கிறீங்க?" நம் வயதுக்காரர் பார்க்க வேண்டியது வேறொன்று. அதைத்தான் இந்த வாரம் பேசப் போகிறேன்.

ஜொகூரில் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு மோட்டார் சைக்கிள் சோறு போட்ட வண்டி. விடியுமுன்னே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள் எத்தனை பேர்! நானும் அப்படிப் போனவன்தான். 1924இல் திறக்கப்பட்ட அந்த ஜொகூர் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். அதைக் கடக்க நான் காத்திருந்த நேரத்தைக் கூட்டிப் பார்க்க இன்னும் துணிச்சல் வரவில்லை.

இப்போது என் பயணமெல்லாம் ஐந்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிட்டது. காலையில் பசார், வெள்ளிக்கிழமை கோயில், தவணை வந்தால் அரசாங்க கிளினிக்கில் மருந்து, அவ்வளவுதான். "எதுக்குப்பா மோட்டார்? கிராப் கூப்பிடுங்க" என்கிறான் மகன். ஒரு கட்டுக் கீரைக்கு கிராப் கூப்பிட மனம் வருமா? பிள்ளைகள் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறார்கள். பேருந்து நிறுத்தமோ தாமானுக்கு வெளியே. கையில் வண்டி இல்லாதவர், மாத்திரை தீர்ந்துபோனால்கூட யாராவது வரட்டும் என்று கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

அதற்காக மகனின் பயத்தைத் தள்ளிவிடவும் முடியாது. நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அப்பாவின் சுதந்திரமும் பிள்ளையின் பயமும் இரண்டுமே நியாயம். இரண்டுக்கும் இடம் கொடுக்கும் வண்டியைத்தான் தேட வேண்டும்.

முதல் கேள்வி, கப்சாயா ஸ்கூட்டரா? ஹோண்டா நிறுவனம் 1958இல் கொண்டுவந்த சூப்பர் கப் வண்டியின் வழிவந்தவைதான் நம் கப்சாய்கள். 'கப்' என்ற பெயரோடு சின்னது என்று பொருள்படும் கண்டனீஸ் 'சாய்' சேர்ந்து வந்த பெயர் என்பார்கள். இஎக்ஸ்5, மொடெனாஸ் கிரிஸ் எல்லாம் இந்த இனம். கிளட்ச் பிடி இல்லை, பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். ஆனால் இடது காலால் கியர் மாற்ற வேண்டும், வலது காலால் பின் பிரேக்கை மிதிக்க வேண்டும்.

இங்கேதான் நம்மவர்கள் யோசிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. இந்தியர்களிடையே அந்த அளவு இன்னும் அதிகம். நீண்டகாலச் சர்க்கரை பலருக்குப் பாதத்தின் உணர்ச்சியைக் குறைத்துவிடுகிறது. மரத்துப்போன பாதத்துக்கு பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. ஸ்கூட்டரில் சைக்கிளைப் போல இரண்டு பிரேக்கும் கையில் இருக்கின்றன. சிலவற்றில் இடது பிரேக்கைப் பிடித்தால் முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். முழங்கால் வலிக்காரருக்கும் ஸ்கூட்டர்தான் வசதி. ஆனால் கையும் மரத்துப்போனவர், வண்டி பார்க்கும் முன் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது உயரம். ஹோண்டா பீட்டின் இருக்கை தரையிலிருந்து சுமார் 74 சென்டிமீட்டர். யமஹா என்விஎக்ஸில் 79. ஐந்து சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். நடுத்தர உயரக்காரருக்குப் பாதம் முழுதாகப் பதிவதற்கும் நுனிவிரலில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசமே அதுதான். சிவப்பு விளக்கில், பின்னால் மனைவி, கையில் காய்கறிப் பை, தரையில் சிந்திய மணல். நுனிவிரலில் நிற்பவர் அங்கே சாய்ந்தால் வேகமே தேவையில்லை, இடுப்பெலும்பு போய்விடும்.

கடையில் உட்கார்ந்து பார்த்ததோடு விடாதீர்கள். வண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கடைப் பையன் கை கொடுக்காமல், நீங்களே நடு ஸ்டாண்டில் ஏற்றி இறக்குங்கள். இன்றே மூச்சு வாங்கினால், எழுபது வயதில் அந்த வண்டி வீட்டு முன்னால் நிற்கும் அலங்காரமாகிவிடும்.

கால் வைக்கும் இடமும் முக்கியம். தட்டையாக இருந்தால் ஏறி இறங்கக் காலைத் தூக்க வேண்டாம், பத்து கிலோ அரிசியையும் வைக்கலாம். என்விஎக்ஸ் போன்றவற்றில் நடுவே மேடு இருக்கும். சக்கரத்தையும் பாருங்கள். கப்சாயின் 17 அங்குலச் சக்கரம் தாண்டிவிடும் குழியில் சின்னச் சக்கரம் இறங்கி அடிபடும். ஆண்டிறுதி மழையில் எது குழி, எது குட்டை என்று யாருக்குத் தெரியும்? பீட்டில் இருப்பதுபோல 14 அங்குலம் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

கப்சாயிலிருந்து மாறுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கப்சாயை நியூட்ரலில் போட்டுவிட்டு எக்சலேட்டரைத் திருகினால் சத்தம்தான் வரும். இன்ஜின் ஓடும் ஸ்கூட்டரில் திருகினால் வண்டியே பாயும். நிறுத்தி இறங்கும்போதோ, ஓடும் வண்டியைத் தள்ளும்போதோதான் இது நடக்கும். பிரேக்கைப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யவும், இன்ஜினை அணைத்த பிறகே இறங்கவும் கை பழக வேண்டும். காலியான திடலில் ஒரு வாரம் பழகிய பிறகு சாலைக்கு வாருங்கள்.

சிசி பற்றியும் சொல்லிவிடுகிறேன். பி2 உரிமம் 250 சிசி வரை ஓட்ட அனுமதிக்கிறது. அதற்காக அவ்வளவும் வாங்க வேண்டுமா? பசாருக்குப் போய்வர 110 சிசி தாராளம். மிச்சமாகும் சேமநிதிப் பணத்தில் சிரிம் முத்திரையுள்ள நல்ல தலைக்கவசம் இரண்டு வாங்குங்கள், ஒன்று வீட்டுக்காரம்மாவுக்கு.

எங்கள் வீட்டில் பேசி முடித்த ஒப்பந்தம் இது. இருட்டிய பிறகும் மழையிலும் வண்டி எடுப்பதில்லை. நெடுஞ்சாலைப் பக்கம் போவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை. இனி வேண்டாம் என்று மருத்துவர் சொல்லும் நாளில் சாவியை மகனிடம் கொடுத்துவிடுவேன். அதுவரை, "எங்கே போறீங்க?" என்று கேட்கலாம், "ஏன் போறீங்க?" என்று கேட்கக் கூடாது. மகன் சிரித்துக்கொண்டே சம்மதித்தான். நான் பீட் வாங்கினேன்.

இளையவர்களே, 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரிலும் வார விடுமுறை சனி, ஞாயிறாகிவிட்டது. பாலம் தாண்டி வேலைக்குப் போகும் பிள்ளைக்கும் பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளைக்கும் ஒரே நாளில் ஓய்வு. ஒரு சனிக்கிழமை அப்பாவைக் கடைக்கு அழைத்துப் போங்கள். அம்மாவும் வரட்டும், பின்னால் உட்காரப் போகிறவர் அவர்தானே. அப்பா வண்டியில் உட்கார்ந்ததும் விலைச்சீட்டைப் பார்க்காதீர்கள். குனிந்து அவர் குதிகாலைப் பாருங்கள்.