அரிவாள்மணையும் நாற்காலியும்

ஐப்பசி மழையில் ஊதும் மரம் பங்குனி வெயிலில் வற்றும். பாகூரில் அப்பா உட்கார்ந்த தேக்கு நாற்காலி இப்படி ஊதியும் வற்றியும் பின்கால் மூட்டு தளர்ந்து ஆட ஆரம்பித்தது. அம்மா அதைத் தினமும் துடைப்பாள். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆடத் தொடங்கிய பிறகுதான், "நீ வேணா எடுத்துக்கோக்கா" என்றான் தம்பி. பெண்களுக்கு வந்துசேரும் நாற்காலிகள் பெரும்பாலும் இப்படி வந்தவைதாம்.

வில்லியனூருக்குக் கொண்டுவந்து, நானே சரிசெய்கிறேன் என்றேன். "உளி கையக் கிழிச்சிடும், ஆசாரியக் கூப்பிடலாமே" என்றார் கணவர். எட்டு வயதிலிருந்து அரிவாள்மணையில் மீன் ஆயும் கையைப் பார்த்து இந்தக் கவலை! யோசித்துப் பாருங்கள், நமக்கென்றே வீட்டில் செய்துவைத்த இருக்கை அது ஒன்றுதான். அதன் நுனியிலும் கத்தி. கல்யாணத்தன்று ஏற்றிய மணையைச் சொல்வீர்கள். அது ஒரு முகூர்த்த நேரம்.

மூட்டைப் பிரித்தேன். யாரோ எப்போதோ அடித்த ஆணி கழுந்தைப் பிளந்திருந்தது. ஆடுகிறதா, ஆணி அடி என்பது ஆத்திரம், பழுதுபார்ப்பது அல்ல. கழுந்தில் பழைய வச்சிரம் கருத்து இறுகிக் கிடந்தது. அதன்மேல் ஃபெவிக்கால் ஊற்றிப் பயனில்லை. வெள்ளைப் பசை மரத்துக்குள் ஊறினால்தான் பிடிக்கும். எனவே வெறும் மரம் தெரியும்வரை சுரண்டினேன். பிளவுக்குள் பசை விட்டு, துளை அகன்ற இடத்துக்கு மெல்லிய மரச்சீவல் வைத்துப் பொருத்தினேன். கால்களைச் சுற்றிக் கயிறு கட்டி, இடையில் கரண்டிக் காம்பைச் செருகி முறுக்க, மூட்டு இறுகியது. 24 மணி நேரம் யாரும் தொடக்கூடாது என்றேன். எங்கள் வீட்டில் என் சொல்லுக்கு அவ்வளவு நேரம் மரியாதை இருந்தது அதுவே முதல் முறை.

"சமையல், துணி, பிள்ளை போதாதென்று தச்சுவேலையும் நம் தலையிலா?" என்று தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் துலக்கிய பாத்திரம் அடுத்த வேளைக்கே அழுக்காகும். ஒட்டிய மூட்டு பல வருஷம் நிற்கும். முடிகிற வேலைகளையெல்லாம் ஆண்கள் எடுத்துக்கொண்டு, முடியாதவற்றை நம்மிடம் விட்டார்கள். கூடுதலாக ஒரு வேலை கேட்கவில்லை நான். மாற்றிக்கொள்ளலாம் என்கிறேன். அன்று சோறு வடித்தவர் கணவர். குழைந்திருந்தது; சாப்பிட்டோம்.

கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடியதால்தான் வேலைநேரத்தில் உட்காரும் உரிமை 2018இல் சட்டமானது. தமிழ்நாட்டில் 2021இல் வந்தது. இரண்டும் கடைக்கும் நிறுவனத்துக்கும்தான். அடுப்படியில் நாற்காலி போடு என்று எந்தச் சட்டமன்றம் சொல்லும்?

மறுவாரம் அம்மா வந்திருந்தாள். நாற்காலியைப் பார்த்ததும் முந்தானையால் துடைக்கப் போனாள். கையைப் பிடித்து உட்காரவைத்தேன். நுனியில்தான் உட்கார்ந்தாள். அது ஆடவில்லை.