சகோதரியா, எஜமானியா?

அமெரிக்கக் கத்தோலிக்கப் பங்குகளை ஹைட்டியின் ஏழைப் பங்குகளோடு "சகோதரி"களாக இணைக்கும் ஏற்பாடு ஒன்று 1978-லேயே நாஷ்வில்லில் தொடங்கியது. நல்ல காரியம்தான், யார் மறுத்தார்கள்? ஆனால் சகோதரிக்கு என்ன வேண்டும் என்று கேட்காமலே அரிசியும் பழைய துணியும் கப்பலேறினால்...?

வந்து குவியும் பழந்துணிக்கு அங்கே பெயரே உண்டு, 'பெப்பே'. உள்ளூர்த் தையல்காரர் பிழைப்பில் மண்! அரிசி கதை இன்னும் மோசம். 1995-ல் இறக்குமதி வரி 3 சதவீதமானது. அமெரிக்க அரிசி புகுந்தது, ஹைட்டி விவசாயி நொடிந்தான். 2010-ல் கிளிண்டனே தப்புதான் என்று ஒத்துக்கொண்டார். (வயல் திரும்பி வந்ததா?) அந்த ஊருக்கா அரிசி மூட்டை?

பத்துப் பேர் விமானமேறிப் போய், பள்ளிச் சுவருக்குப் பெயின்ட் அடித்து, போட்டோவோடு திரும்பினார்கள். வேலையில்லாத உள்ளூர் பெயின்டர் வேடிக்கை பார்த்தார். அந்த டிக்கெட் காசை அப்பள்ளி ஆசிரியரின் சம்பளத்துக்கு அனுப்புங்கள் ஐயா!